ஊருக்குப் போய்விட்டவள்

பிப்ரவரி 11

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? நானும் பாப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் உங்களுக்குப் போனில் காது கேட்காது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் மகன் அக்டோபரில் வீட்டைவிட்டுப் போனவர்தான். அவர் மெக்கானிக்காக இருந்த தொழிற்சாலையை அதற்கு முந்தைய மாதம் மூடிவிட்டார்கள். வேறு ஊரில் வேலை பார்க்கப் போகிறேன், பத்து நாளில் வருகிறேன் என்று பெட்டியைத் தூக்கினார். இதுவரை ஒரு போன் இல்லை. நான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அரை நேரமாகப் பார்த்த வேலையை முழு நேரமாக்கிக்கொண்டேன். குடும்பம் ஓடுகிறது. நான் எழுத வந்த விஷயம் வேறு.

இந்த நாட்டில் குடியிருக்கும் எல்லோரும், வெளிநாட்டார் உட்பட, பென்ஷன் சந்தா கட்ட வேண்டும். வேலை பார்க்கும் கணவனின் சம்பளத்தில் பிடித்தால் அவன் மனைவிக்கும் அதிலேயே கணக்கு ஏறும்; அவள் தனியாகக் கட்டத் தேவையில்லை. வந்த நாளிலிருந்து என் பெயர் அப்படித்தான் அவர் கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நம்பியிருந்தேன். அவர் வேலை போனதால் எனக்குத் தனிக் கணக்கு தொடங்கச் சொன்னார்கள். போன வாரம் பென்ஷன் அலுவலகம் போனேன். கவுண்டரில் இருந்த கண்ணாடிக்காரப் பெண் கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி கணினியைப் பார்த்தாள்.

"நீங்க ஆறு வருஷத்துக்கு முன்னாடியே உங்க நாட்டுக்குத் திரும்பிப் போயிட்டீங்க" என்றாள்.

"நான் இங்கதானம்மா நிக்கிறேன்."

"அது தெரியுது. பதிவு அப்படித்தான் இருக்கு."

"யாரு பதிஞ்சது?"

"உங்க கணவர் எழுதிக் கொடுத்திருக்காரு."

அத்தை, அவர் எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நான் சண்டைக்கு வரவில்லை. நான் போகவில்லை, அவரோடு ஒரே குடித்தனமாகத்தான் இருந்தேன் என்று அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். உடனே சொல்லுங்கள்.

பாப்பா உங்களுக்கு முத்தம் அனுப்பச் சொன்னாள்.

உங்கள் மருமகள்

*

மார்ச் 6

அன்பு மருமகளுக்கும் பேத்திக்கும் ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, படி ஏற முடியவில்லை. மற்றபடி சௌக்கியம். நீ அங்கே குளிரில் வெந்நீர் குடித்து உடம்பைப் பார்த்துக்கொள்.

அவன் இங்கே வரவில்லை அம்மா. எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. ஆம்பிளைக்கு வேலை போனால் பாதி உயிர் போன மாதிரி. கோபத்தில் எங்கேயாவது போயிருப்பான், தணிந்ததும் வருவான். நீதான் பொறுத்துப் போக வேண்டும். பென்ஷன் கின்ஷன் என்று இப்போதே ஏன் அலைகிறாய்? உனக்கு அறுபது ஆக இன்னும் எத்தனை காலம் கிடக்கிறது.

இங்கே விசேஷமாக ஒன்றும் இல்லை. ரொம்ப நாளாக ஓடாமல் கிடந்த தண்ணீர் மோட்டார் இப்போது நன்றாக ஓடுகிறது. மாடித் தொட்டிவரை தண்ணீர் ஏறுகிறது. பேத்தியை நன்றாகப் படிக்கச் சொல்.

அத்தை

*

மார்ச் 24

அத்தைக்கு,

வணக்கம். எல்லோரும் நலம் என்று நீங்கள் எழுதியிருந்ததாக நினைத்தேன். அந்த வீட்டில் நீங்கள் ஒருவர்தானே இருக்கிறீர்கள், எல்லோரும் என்பது யார் என்று கேட்கலாம் என்று கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நீங்கள் அப்படி எழுதவே இல்லை. என் மனம்தான் இல்லாததைப் படித்திருக்கிறது. மனம் இப்படிக் கெட்டுப்போயிருக்கிறது, மன்னியுங்கள். ஆனால் அந்த மோட்டாரை மூன்று மெக்கானிக் பார்த்துக் கைவிட்டார்கள். அதை ஓடவைக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் என்று எனக்குத் தெரியும்.

அறுபதுக்குக் காலம் கிடக்கிறது என்கிறீர்கள். விஷயம் அறுபதில் இல்லை, வரும் செப்டம்பரில் இருக்கிறது. அப்போது என் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். பென்ஷன் கணக்கில் ஓட்டை இருந்தால் புதுப்பிக்க மாட்டார்கள். மறுபடி கவுண்டருக்குப் போனேன். அதே கண்ணாடிக்காரப் பெண்.

"நான் போகலைன்னு நிரூபிச்சா என்ன ஆகும்?"

"அப்ப ஆறு வருஷமும் நீங்க இங்க இருந்தும் சந்தா கட்டலைன்னு ஆகும். பாக்கியும் வட்டியும் வரும்."

"போயிட்டேன்னு ஒத்துக்கிட்டா?"

"அப்ப ஆறு வருஷமா இங்க எப்படி இருந்தீங்கன்னு குடியேற்ற அலுவலகம் கேக்கும்."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது சத்தம் போடலாம். நான் அந்த அலுவலகத்தில் குரலை உயர்த்தினால் காவலாளி வந்துவிடுவான். கணவரோடு ஒரே குடித்தனமாக இருந்ததைக் காட்டினால் மட்டும் அந்த ஆறு வருஷமும் பழையபடி என் கணக்கில் ஏறும் என்றாள்.

அவர் ஏன் அப்படி எழுதினார் என்றும் தெரிந்துகொண்டேன். அவர் தொழிற்சாலையின் பழைய போர்மேனைக் கடைத்தெருவில் பார்த்தேன். குடும்பத்தை ஊருக்கு நிரந்தரமாக அனுப்புகிறவர்களுக்குக் கம்பெனி பயணச் செலவு கொடுத்ததாம். உங்கள் மகன் வாங்கியிருக்கிறார். அதற்காக என்னையும் பாப்பாவையும் காகிதத்தில் விமானம் ஏற்றிவிட்டார். பிறகு அதே வீட்டுக்கு வந்து நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டார்.

அத்தை, மாமா காலமான மறுவருஷம் கருவூலத்தில் உங்களையும் செத்துப்போனவர் என்று குறித்துக் குடும்ப பென்ஷனை நிறுத்தினார்களே, நினைவிருக்கிறதா? நான் புதுப் பெண். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு மேஜை மேஜையாக ஏறி இறங்கினேன். நீங்கள் அந்த எழுத்தரின் மேஜையில் கையால் தட்டி, "சூடா இருக்கு பாரு, தொட்டுப் பாரு" என்று கையை நீட்டினீர்கள். நான் இப்போது யாரிடம் கையை நீட்டுவது?

அவர் கையெழுத்து வேண்டும். எங்கே இருக்கிறார் என்று சொல்லுங்கள்.

மருமகள்

*

மே 19

அத்தைக்கு,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை, ஆனாலும் நலமாக இருங்கள்.

இரண்டு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நேற்று நாத்தனாருக்குப் போன் போட்டேன். அவளுக்குப் பொய் சொல்ல வராது என்று உங்களுக்கே தெரியும். "அண்ணன் மாடி ரூம்லதான் இருக்கு அண்ணி. உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். அக்டோபரிலிருந்தே அங்கேதானாம்.

அப்படியானால் என் முதல் கடிதம் வந்தபோது அவர் உங்கள் தலைக்கு மேலே உட்கார்ந்திருந்தார். "அவன் இங்கே வரவில்லை அம்மா" என்று நீங்கள் எழுதும்போது மாடியில் அவர் நடக்கிற சத்தம் கேட்டிருக்கும். உங்கள் காதுக்குக் கேட்டிருக்காது, சரி. கண்ணுக்குத் தெரிந்திருக்குமே. தட்டு வைத்தது நீங்கள்தானே.

சலவைக்கூடத்தில் வெந்நீரும் ஆவியுமாக நாள் முழுக்க நிற்கிறேன். யாரோ நோயாளியின் ரத்தம் காய்ந்த விரிப்புகளை உதறிச் சலவை இயந்திரத்தில் போட வேண்டும். சில நேரம் மடிப்பில் ஊசி கிடக்கும், குத்தும். குத்தியது யார் என்று தெரியாது, கோபப்படவும் முடியாது. இப்போது குத்தியது யார் என்று எனக்குத் தெரியும்.

அவரை நான் திட்டிக்கொள்கிறேன். நீங்கள் ஏன் அத்தை?

மருமகள்

*

ஜூன் 8

மருமகளுக்கு ஆசீர்வாதம். பேத்தி சௌக்கியமா?

ஆமாம், இங்கேதான் இருக்கிறான். என்ன செய்யச் சொல்கிறாய்? ராத்திரி வந்து வாசலில் நின்றவனைத் தாய் எங்கே போகச் சொல்வாள்? "நான் வந்தது அவளுக்குத் தெரிய வேணாம்மா, தெரிஞ்சா நான் எங்கயாவது போயிடுவேன்" என்றான். போய்விடுவான் என்று பயந்தேன். உன் கடிதத்தை அவனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

அவனுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. வேலை போன பிறகு, நீ சலவைக்கூடத்திலிருந்து வந்து எதையும் கேட்காமல் தட்டை அவன் முன்னே தள்ளுவாயாம். "திட்டினாக்கூட பரவால்ல, பேசாம இருந்தாம்மா" என்றான். கையெழுத்துப் போடு என்று நானும் சொன்னேன். போட்டால் கம்பெனி பணத்தைக் கேட்கும், பொய் சொன்னதற்குக் கேஸ் வரும், இனி எந்த நாட்டிலும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்கிறான்.

நீ முதல் கடிதத்திலிருந்தே 'உங்கள் மகன்' என்கிறாய். சரி, என் மகன்தான். அதற்காக என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதே. ஊசி என்றெல்லாம் எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அத்தை

*

ஜூன் 27

அத்தைக்கு வணக்கம்.

தாமதமானாலும் உண்மையை எழுதினீர்கள், சரி.

நான் பேசாமல் தட்டைத் தள்ளினேனாம். நின்று வேலை பார்த்துவிட்டு வந்தவளுக்குப் பேச்சு வராது என்று அவருக்குச் சொல்லுங்கள். பேச வேண்டியவர் அவர். ஆறு வருஷமாகப் பேச வேண்டிய ஒன்றை வாய்க்குள் வைத்துக்கொண்டு என் மௌனத்தைக் குறை சொல்கிறார்.

அவர் கையெழுத்து இனி எனக்கு வேண்டாம். கவுண்டர் பெண்ணிடம் கேட்டேன். கணவர் மறுத்தால், அந்தக் காலத்தில் அதே வீட்டில் தங்கியிருந்த குடும்பத்துப் பெரியவர் ஒருவர் எழுதிக் கொடுக்கலாம், கூடவே தங்கியிருந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்றாள். நான் வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து யோசித்தேன். அப்படி ஒருவர்தான் உண்டு.

எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது வந்து நான்கு மாதம் இருந்தீர்களே. அந்தச் சின்ன அறையில் நீங்களும் நானும் பாப்பாவும் ஒரே மெத்தையில் படுத்திருந்தோம், அவர் அடுக்களை ஓரத்தில் படுத்தார். அது நான் 'ஊருக்குப் போய்விட்ட' பிறகுதான். உங்கள் பாஸ்போர்ட்டில் வந்த முத்திரையும் போன முத்திரையும் இருக்கின்றன. நான் போனேன் என்பதே பொய் என்று ஆகிவிட்டால், அதன் பிறகு எழுதியதெல்லாம் தானாக விழுந்துவிடும் என்றாள்.

நீங்கள் எழுத வேண்டியது இரண்டே விஷயம். என் மருமகள் அப்போது அங்கே இருந்தாள். என் மகனோடு ஒரே வீட்டில் இருந்தாள். நோட்டரி வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டு, பாஸ்போர்ட் நகலில் முத்திரை வாங்கி அனுப்ப வேண்டும்.

இதனால் உங்கள் மகன் எழுதிக் கொடுத்தது பொய் என்று ஆகும். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறேன். கெஞ்ச மாட்டேன். செப்டம்பர் முதல் வாரத்துக்குள் வர வேண்டும். வராவிட்டால் பாப்பாவின் பள்ளிக்கூடச் சான்றிதழை வாங்கிக்கொண்டு, காகிதத்தில் போனவள் நிஜமாகவே வந்துவிடுகிறேன். அப்போது மாடி அறை யாருக்கு என்று நீங்கள் முடிவு செய்யுங்கள்.

மருமகள்

*

ஆகஸ்ட் 17

மருமகளுக்கும் பேத்திக்கும் ஆசீர்வாதம்.

இதோடு எல்லாம் வைத்திருக்கிறேன். முதலில் சரிபார்த்துக்கொள். பாஸ்போர்ட் நகல் இரண்டு பக்கம், வக்கீல் முத்திரையோடு. நான் எழுதிக் கொடுத்தது ஒரு பக்கம். உன் ஆபரேஷன் தையல் பிரித்த அன்று அவனும் நானும் உன்னைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிவந்ததையும் சேர்த்து எழுதச் சொன்னேன். "அதெல்லாம் வேணாம் பாட்டி" என்றார் வக்கீல். "நடந்ததுதானே, எழுதுங்க" என்றேன்.

ஏன் இத்தனை நாள் ஆயிற்று என்று கேட்பாய். உன் கடிதம் வந்த பிறகு பல நாள் அதை எடுத்து எடுத்துப் படித்தேன். பெற்ற பிள்ளையைப் பொய்யன் என்று என் கையால் எழுத வேண்டும். உனக்குக் கோபத்தில் அது சுலபமாகத் தெரிந்திருக்கலாம். எனக்கு அப்படி இல்லை.

கடைசியில் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "நீ போடுறியா, நான் போடட்டுமா?" என்று கேட்டேன்.

அவன் சொன்னான். "அந்தப் பணம் எதுக்குன்னு உனக்குத் தெரியுமாம்மா? உனக்கு டிக்கெட் போடத்தான். அவளுக்கு ஆபரேஷன், பாத்துக்க ஆள் இல்ல. கையில காசு இல்ல. அந்தக் காசுலதான் உன்ன வரவழைச்சேன்."

அந்தப் பொய்யில் நான்தான் பறந்து வந்திருக்கிறேன். யாரைத் திட்டுவது?

"அத அவகிட்ட ஏன்டா சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா வேணாம்பா. கடன் வாங்குன்னுவா."

"சரி, அப்ப சொல்லல. அவ தேறி எழுந்தப்புறம் சொல்லி, பேர மறுபடி சேத்திருக்கலாமே?"

"சேத்தா காசத் திருப்பிக் கேப்பாங்க."

"கிளம்பி வரும்போதாவது சொன்னியா? தனியா நிக்கப் போறாளேன்னு நெனச்சியா?"

அதற்கு அவன் சொன்ன பதில்தான் அம்மா என்னை எழுந்திருக்க வைத்தது. "அவளுக்குத் தெரியவா போகுதுன்னு நெனச்சேன்" என்றான்.

டிக்கெட் வாங்கியதை நான் மன்னித்துவிட்டேன். அது ஒரு புருஷன் தவித்துப்போய்ச் செய்தது. இதை மன்னிக்க முடியவில்லை. மறுநாள் காலையில் புடவை மாற்றிக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போனேன். வாசலை மறித்து நின்றான். "நீ கையெழுத்துப் போட்டா நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்" என்றான். "வழியை விடு" என்றேன். திரும்பி வந்தபோது மாடி அறை காலியாக இருந்தது. தங்கை வீட்டில் இருக்கிறான் என்று கேள்வி.

உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. மாடி அறை யாருக்கு என்று கேட்டிருந்தாய். என் வீட்டில் உனக்கு இடம் இல்லை என்று நான் எப்போது சொன்னேன்?

அத்தை

*

அக்டோபர் 3

அத்தைக்கு வணக்கம்.

முட்டிக்கு இப்போது என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று எழுதுங்கள். பாப்பா நலம். குளிர் தொடங்கிவிட்டது.

நீங்கள் அனுப்பியதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடிக்காரப் பெண் மேலதிகாரியிடம் எடுத்துப் போனாள். அவர் வந்து உங்கள் பாஸ்போர்ட் நகலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இவங்க உங்க அம்மாவா?" என்றார். "மாமியார்" என்றேன். "அவங்க மகனுக்கு எதிராவா எழுதியிருக்காங்க?" என்றார். "எதிரா எழுதல, நடந்ததை எழுதியிருக்காங்க" என்றேன். மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். ஆறு வருஷமும் என் கணக்கில் ஏறிவிட்டது. பாக்கி இல்லை. குடியிருப்பு அட்டையும் புதுப்பித்தாயிற்று. 'பதிவு திருத்தப்பட்டது' என்றார்கள், அவ்வளவுதான். எட்டு மாதம் என்னை இல்லாதவளாக்கி அலையவிட்டதற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. நானும் நன்றி சொல்லாமல் வந்தேன்.

டிக்கெட் விஷயத்தைச் சலவைக்கூடத்தின் பின்வாசலில் நின்று படித்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், கோபம்தான் வந்தது. எனக்காகச் செய்தார் என்றால் எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்? என்னைக் காப்பாற்றுகிறேன் என்று என் பெயரை விற்றிருக்கிறார். கடன் வாங்கியிருந்தால் இரண்டு பேருமாக அடைத்திருப்போம்.

கம்பெனிக் கணக்கை முடித்துக்கொண்டிருக்கும் அலுவலகத்திலிருந்து அந்தப் பயணச் செலவைத் திருப்பிக் கேட்டு அவருக்குத் தாக்கீது போகும் என்றார்கள். அதை நான் கட்டிவிடுகிறேன். அவருக்காக இல்லை. நீங்கள் அன்றைக்கு வந்து எனக்கு வெந்நீர் ஊற்றியது களவுக்காசில் வந்ததாக இருக்கக் கூடாது.

அவரோடு இனிக் குடித்தனம் இல்லை. இதை உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். மாடி அறையைப் பற்றிக் கேட்டது தப்பு. அந்த வரியை மட்டும் கிழித்துப் போடுங்கள்.

மருமகள்

*

நவம்பர் 2

மருமகளுக்கும் பேத்திக்கும் ஆசீர்வாதம்.

முட்டிக்குத் தைலம்தான் தடவுகிறேன், டாக்டர் கொடுத்த மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. காது இன்னும் மந்தமாகிவிட்டது. நீ நன்றாக இருப்பாயாக.

அந்தப் பணத்தை நீ கட்டக் கூடாது. நானும் கட்டப்போவதில்லை. வாங்கியவன் கட்டட்டும். லாரி செட்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான், கை நிறைய இல்லாவிட்டாலும் சம்பளம் வருகிறது. மாதாமாதம் பிடித்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் எழுதவில்லை. எழுதும்வரை சொல்லிக்கொண்டே இருப்பேன்.

குடித்தனம் இல்லை என்று எழுதியிருந்தாய். படித்தேன். சேர்ந்திரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிரிந்துபோ என்று சொல்லவும் வரவில்லை. உன் இஷ்டம். பேத்தியை மட்டும் மாதம் ஒரு தடவை எனக்கு எழுதச் சொல். அவள் எழுத்தைப் பெரிதாக எழுதட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றான். "நீ எழுதிக் கொடுத்தது தப்பா நடந்துபோச்சுன்னு ஒரு லெட்டர் போட்டுடும்மா, என் மேல கேஸ் வராது" என்றான். உள்ளே வந்து கையைக் கழுவு என்றேன். சோறு போட்டேன். சாப்பிட்டான். இரண்டாம் தடவை கேட்டுப் போட்டுக்கொண்டான். கையைத் துடைத்துக்கொண்டு, "என்னம்மா முடிவு பண்ணின?" என்றான்.

"அடுத்த வாரமும் வா, சோறு இருக்கும்" என்றேன். "கையெழுத்தைத் திருப்பி வாங்க மாட்டேன்."

அத்தை